பாய்மரப் படகின் காக்பிட் விளக்குகள்: தேர்ந்தெடுப்பது முதல் பொருத்திச் சரிபார்ப்பது வரை

இரவில் ஓடும் பாய்மரப் படகில், சுக்கான் பிடித்து உட்காரும் பள்ளமான இடமான காக்பிட்டின் விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. காலடியில் கிடக்கும் கயிற்றையும் கையெட்டும் தூரத்தில் இருக்கும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையான வின்ச்சையும் அது காட்ட வேண்டும். அதே நேரத்தில், சுக்கான் பிடித்திருப்பவரின் கண்ணில் படாமலும் இருக்க வேண்டும். விற்பனைக்கு வரும் விளக்குகளில் பெரும்பாலானவை முதல் வேலையை நன்றாகச் செய்கின்றன, இரண்டாவதில் தோற்றுவிடுகின்றன. ஆகவே "எவ்வளவு வெளிச்சம் வேண்டும்" என்று தொடங்காமல், "எவ்வளவு இருட்டைக் காப்பாற்ற வேண்டும்" என்று தொடங்குவதே சரியான வழி.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். என் முதல் காக்பிட் விளக்கு ஒரு வெள்ளை எல்இடி பட்டை. முன்பக்கத்தில் அலைத்தூறலைத் தடுக்கும் துணிக்கூரையான ஸ்ப்ரேஹூட்டின் உலோகச் சட்டத்தில், பின்னோக்கிப் பார்க்கும்படி அதைத் திருகியிருந்தேன். படகுத்துறையில் கட்டியிருந்தபோது அது மிக அழகாக இருந்தது. கடலில் முதல் இரவு அதைப் போட்டவுடன், ஸ்ப்ரேஹூட்டின் பிளாஸ்டிக் சாளரத்தில் என் முகமும் சுக்கான் சக்கரமும் தெரிந்தன. அதற்கு அப்பால் இருந்த கடல் தெரியவில்லை. அந்த வாரமே அதைக் கழற்றினேன்.

கண் எப்படி இருட்டுக்குப் பழகுகிறது

விழித்திரையில் மங்கலான ஒளியை உணர்பவை கோல் செல்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த பிறகு அவை தங்கள் உணர்திறனைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ள 20 முதல் 30 நிமிடங்கள் ஆகின்றன. முழுமையாகப் பழக இன்னும் சற்றுக் கூடுதல் நேரம் தேவை. இப்படிச் சேர்த்த பார்வையைப் பிரகாசமான வெள்ளை ஒளி சில விநாடிகளில் கெடுத்துவிடும். நான்கு மணி நேரக் காவலில் இரண்டு முறை தவறான சுவிட்ச்சைத் தட்டினால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் அரைக்குருடாகப் படகோட்டியதாகக் கணக்கு.

கோல் செல்கள் ஏறத்தாழ 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளிக்கே மிகவும் உணர்திறன் கொண்டவை. 630 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஆழ்ந்த சிவப்பை அவை அநேகமாக உணர்வதில்லை. படகுகளில் சிவப்பு விளக்கு வழக்கத்துக்கு வந்ததற்கு இதுவே காரணம். "இரவுக்கு ஏற்ற இதமான ஒளி" என்று விற்கப்படும் நீல விளக்குகள் காக்பிட்டுக்கு ஆகாதவை என்பதற்கும் இதுவே காரணம்.

ஆனால் சிவப்பு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. மிகப் பிரகாசமான சிவப்பு விளக்கும் கண்ணைக் கூசவைக்கும். நிறத்தைவிட மங்கலே முக்கியம். மேலும், சிவப்பொளியில் சிவப்பு நிறம் காணாமல் போகிறது. கடல் வரைபடத்தில் மெஜந்தா நிறத்தில் அச்சிட்ட எச்சரிக்கைக் கோடுகளும் வட்டங்களும் வெறும் தாளோடு கலந்துவிடும். வெள்ளையில் சிவப்புப் புள்ளியிட்ட ஹாலியார்டும் (பாயை ஏற்றும் கயிறு) முழு வெள்ளைக் கயிறும் ஒன்றுபோலத் தெரியும். பாயைச் சுருக்குவதற்கான கயிற்றை நிறத்தால் அடையாளம் வைத்திருப்பவர், அதே கயிற்றை அவசரத்தில் சிவப்பொளியில் தேடும்போது தவறானதை அவிழ்த்துவிடக்கூடும். கயிறு நிறுத்திகளில் நிறத்தோடு எழுத்தையும் ஒட்டிவைப்பது இதற்கு நல்ல மாற்று. இரத்தமும் சிவப்பொளியில் சரியாகத் தெரியாது என்பதால், காயத்துக்குக் கட்டுப்போட வெள்ளை விளக்கு ஒன்று கையருகே இருந்தே ஆக வேண்டும்.

கடல் விதிகள் என்ன சொல்கின்றன

கடலில் மோதல்களைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகளின் 20ஆம் விதி, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை, கப்பலின் இருப்பையும் திசையையும் பிறருக்குக் காட்டும் கப்பல் விளக்குகளை எரியவிடச் சொல்கிறது. அந்த நேரத்தில் வேறு விளக்கு எதையாவது எரித்தால், அது விதித்த விளக்குகளாகத் தவறாகக் கருதப்படக் கூடாது, அவற்றின் தெளிவைக் குறைக்கக் கூடாது, சரியான கண்காணிப்புக்கு இடையூறாக இருக்கக் கூடாது என்று மூன்று நிபந்தனைகளை அதே விதி வைக்கிறது. காக்பிட் விளக்கைப் பற்றிய எல்லா முடிவுகளும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

பாய்விரித்து ஓடும் படகு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்புறம் வெள்ளை ஆகிய விளக்குகளைக் காட்டுகிறது. பக்க விளக்கு ஒவ்வொன்றும் 112.5 பாகைக்கும், பின்விளக்கு 135 பாகைக்கும் தெரியும். இப்போது காக்பிட்டின் விளிம்புக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வலப்புறத்திலிருந்து வரும் ஒரு கப்பலுக்கு உங்கள் பச்சை விளக்கோடு அந்தச் சிவப்பும் தெரிந்தால், நீங்கள் அவரை நோக்கி நேராக வருவதாக அவர் எண்ணக்கூடும். அதேபோல், பின்புறமாகக் கசியும் பிரகாசமான வெள்ளை ஒளி பின்விளக்கை விழுங்கிவிடும். விளக்கின் ஒளிமூலம் படகுக்கு வெளியிலிருந்து நேரடியாகத் தெரியக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல்கள் எழுவதில்லை.

நங்கூரமிட்டிருக்கும்போது நிலைமை வேறு. 30ஆம் விதியின்படி நங்கூரமிட்ட கப்பல்கள் தங்கள் தளத்தை ஒளிரவைக்கப் பணிவிளக்குகளைப் பயன்படுத்தலாம். பாய்மர உச்சியில் எரியும் நங்கூர விளக்கை, சிறு படகில் தாழ்வாக உட்கார்ந்து வருபவர் அண்ணாந்து பார்ப்பது அரிது. காக்பிட்டில் ஒரு மெல்லிய வெளிச்சம் இருந்தால் அவர் உங்கள் படகைக் கவனிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அது நங்கூர விளக்குக்குத் துணையே தவிர மாற்று அன்று.

விளக்கு வாங்கும் முன் ஓர் இரவு

விளக்குகளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஓர் இரவை இதற்காக ஒதுக்குங்கள். ஒரு சிறிய கைவிளக்கு, அதன் முகத்தில் ஒட்டச் சிவப்பு நிறத் தாள், காகித டேப் ஆகியவை போதும். நிலவில்லாத இரவாக இருந்தால் நல்லது. கைவிளக்கை நீங்கள் நினைத்திருக்கும் ஒவ்வோர் இடத்திலும் டேப்பால் ஒட்டி, சுக்கானிடம் போய் உட்கார்ந்து, அங்கிருந்து நின்றும் பாருங்கள். ஸ்ப்ரேஹூட் சாளரத்தில் பிரதிபலிப்பு விழுகிறதா, வின்ச்சின் பளபளப்பான தலையிலிருந்து ஒளி தெறித்துக் கண்ணில் அடிக்கிறதா, ஜெல்கோட் எனும் வெண்ணிற மேற்பூச்சுப் பரப்பு மொத்தமும் ஒளிர்ந்து திரைபோல ஆகிறதா என்பன பகலில் எவ்வளவு யோசித்தாலும் தெரிய வராதவை.

இப்படிச் சோதித்தவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: விளக்கு தாழ்வாக இருக்க வேண்டும். இருக்கைகளின் முன்விளிம்புக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் முதல் ஒரு முழம் வரையிலான உயரத்தில், கீழ்நோக்கிப் பார்க்கும்படி வைத்த விளக்கு தரையை மட்டும் காட்டும். இருக்கைப் பலகை சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படகுகளில் அந்த விளிம்பே ஒளிமறைப்பாக அமைந்துவிடுகிறது. அப்படி விளிம்பு இல்லாத படகில், மேற்பாதி மூடிய, இமைபோன்ற மூடியுள்ள படிக்கட்டு விளக்குகளைத் தேட வேண்டும். உள்ளறைக்கு இறங்கும் படியின் முதல் தட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும்; இரவில் தடுமாறி விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

நங்கூரமிட்டிருக்கும்போது உட்கார்ந்து சாப்பிடவும் படிக்கவும் ஆன வெள்ளை விளக்கு, வெயிலுக்கு விரிக்கும் பிமினி கூரையின் சட்டத்திலோ பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் பூம் தண்டின் கீழோ இருக்கலாம். ஓடும்போது அது எரியப்போவதில்லை என்பதால் அதன் இடத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பெட்டகங்களுக்குள் ஒரு சிறு விளக்கு வைப்பது வசதி. எரிவாயு உருளை வைக்கும் பெட்டகத்தில் மட்டும் எந்த மின்பொருளையும் வைக்கக் கூடாது. பெட்ரோல் இயந்திரமோ பெட்ரோல் தொட்டியோ உள்ள அறைகளில் வைக்கும் சுவிட்ச் முதலானவை, தீப்பொறி வெளியே வராதபடி தயாரித்துச் சான்று பெற்றவையாக இருக்க வேண்டும்.

எந்த விளக்கு

இழை பல்புகளை இன்று புதிதாகப் பொருத்த எந்தக் காரணமும் இல்லை. 10 வாட் இழை பல்பு நான்கை மூன்று மணி நேரம் எரித்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர்-மணி போய்விடும். அரை வாட் சிவப்பு எல்இடி நான்கை இரவு முழுவதும், பத்து மணி நேரம் எரித்தாலும் செலவு 1.7 ஆம்பியர்-மணி மட்டுமே.

எல்இடி விளக்குகளுக்குள்ளேயே தரத்தில் பெரிய இடைவெளி உண்டு. முதலில் பார்க்க வேண்டியது மின்னழுத்த வரம்பு. 12 வோல்ட் என்று நாம் சொல்லும் படகு மின்சாரம் உண்மையில் 12 வோல்ட்டில் நிற்பதில்லை. இயந்திரம் ஓடி பேட்டரி ஏறும்போது 14.4 வோல்ட்டோ அதற்கு மேலோ போகும், இயந்திரத்தைத் தொடக்கும் கணத்தில் நன்றாக இறங்கும். மலிவான எல்இடி பட்டையில் மூன்று எல்இடிகளும் ஒரு மின்தடையும் மட்டுமே வரிசையாக இருக்கும். மூன்று எல்இடிகளுக்கு ஏறத்தாழ 9 வோல்ட் போக, 12 வோல்ட்டில் தடைக்கு 3 வோல்ட் மிஞ்சும், 14.4 வோல்ட்டில் 5.4 வோல்ட் மிஞ்சும். அதாவது அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. அந்தப் பட்டை ஒரு பருவத்திலேயே மங்கி, இடையிடையே கறுத்துப்போவதன் காரணம் இதுதான். 10 முதல் 30 வோல்ட் வரை இயங்கும் என்று எழுதியிருக்கும் விளக்கில் மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சுற்று உள்ளே இருக்கும். அதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது வீண் இல்லை.

அந்தச் சீராக்கும் சுற்றுக்கும் ஒரு குணக்கேடு உண்டு. அது மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடுவதால், சரியாகத் தடுப்பு செய்யாத விளக்குகள் வானொலி இரைச்சலை உமிழும். 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை, எல்இடி விளக்குகள் பேச்சுக்கான வி.எச்.எஃப். ரேடியோவையும், சுற்றியுள்ள கப்பல்களின் இடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியையும் செவிடாக்கக்கூடும் என்று எச்சரிக்கை வெளியிட்டது. இரைச்சல் காதில் கேட்காமலும் இருக்கலாம். தொலைவிலிருந்து வரும் மெல்லிய அழைப்பு வராமல் போவது மட்டுமே அறிகுறி. மின்காந்த இணக்கச் சான்று பெற்ற, கடலுக்கென்றே செய்த விளக்குகளை வாங்குவது முதல் பாதுகாப்பு. பொருத்திய பிறகு செய்யும் சோதனை இரண்டாவது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

நீர்த்தடுப்புக்கு ஐபி எண்ணை, அதாவது தூசியையும் நீரையும் தடுக்கும் தரத்தைச் சொல்லும் ஈரிலக்கக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். முதல் இலக்கம் 6 என்றால் தூசி புகாது. இரண்டாம் இலக்கம் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் மூழ்கும் சோதனையில் தேறியது, பீய்ச்சி அடிக்கும் நீரையும் தாங்கும் என்று பொருளல்ல. அது 5, 6 ஆகிய இலக்கங்களுக்கான தனிச் சோதனை. காக்பிட்டில் அலையும் விழும், கழுவும் குழாயும் அடிக்கும் என்பதால் ஐபி66, ஐபி67 இரண்டும் குறித்த விளக்கே பொருத்தமானது. உப்பை இந்தச் சோதனைகள் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே உட்புறம் முழுவதும் பிசின் ஊற்றி அடைத்த விளக்கையும், 316 தரத் துருப்பிடிக்காத எஃகால் ஆன முகப்பையும் தேடுங்கள். குரோம் பூசிய மலிவான முகப்பைவிடச் சாதாரண வெள்ளை பிளாஸ்டிக் எவ்வளவோ மேல்.

வெள்ளை விளக்கில் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் கலந்த வெள்ளையை எடுங்கள். 6000 கெல்வின் வெள்ளை, நீலம் மிகுந்தது. கண்ணைக் கூடுதலாகக் கூசவைக்கும், பூச்சிகளையும் கூட்டி வரும்.

ஒரே விளக்கில் சிவப்பும் வெள்ளையும் தரும் வகைகளைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அவற்றில் சில, ஒரே வயரில் இயங்கி, சுவிட்ச்சை அணைத்து உடனே மீண்டும் போட்டால் நிறம் மாறுபவை. இவற்றில் ஒருசில எப்போதும் வெள்ளையில்தான் விழிக்கும். சிவப்புக்குப் போக ஒவ்வொரு முறையும் வெள்ளையைக் கடந்தாக வேண்டும். காவலில் இருப்பவருக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது. இரு நிறம் வேண்டுமென்றால், சிவப்புக்கும் வெள்ளைக்கும் தனித்தனி வயர் வெளியே வரும் வகையை மட்டும் வாங்குங்கள். அதைவிட எளிது, தாழ்வான சிவப்பு விளக்குகளையும் உயரமான வெள்ளை விளக்குகளையும் முற்றிலும் தனித்தனியாக வைத்துவிடுவது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பலர் விரும்புவது. ஆனால் எல்லா எல்இடி விளக்கும் டிம்மருக்கு இணங்குவதில்லை. சீராக்கும் சுற்றுள்ள விளக்குகளில் பல, வெளியிலிருந்து வரும் டிம்மரோடு மோதித் துடிக்கும். வாங்கும் முன் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்கை முதலிலேயே மிக மங்கலானதாக வாங்கிவிட்டால் டிம்மர் தேவைப்படுவதே இல்லை.

மின்சுற்றைத் தாளில் வரைதல்

வயர் வாங்கும் முன் படகின் மேற்பார்வைப் படம் ஒன்றை வரைந்து, மின்பலகையிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் வயர் எந்த வழியாகப் போகும் என்று கயிறு பிடித்து அளந்து எழுதுங்கள். வழியில் உள்ள வளைவுகளால் இந்த நீளம் கண்மதிப்பைவிட எப்போதும் அதிகமாகவே வரும்.

கணக்கு கடினமானதன்று. செம்பின் மின்தடை, ஒரு சதுர மில்லிமீட்டர் வயருக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம். போகும் வயர் 7 மீட்டர் என்றால் திரும்பும் வயரையும் சேர்த்து 14 மீட்டர். 1.5 சதுர மி.மீ. வயரில் மொத்தத் தடை 0.16 ஓம். நான்கு எல்இடிகளும் சேர்ந்து அரை ஆம்பியர் எடுத்தால் இழப்பு 0.08 வோல்ட், அதாவது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இதே வயரில் பழைய 10 வாட் பல்பு நான்கு இருந்தால் 3.3 ஆம்பியர் ஓடி அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பாகும். இழை பல்பு அதற்கே ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வெளிச்சத்தை இழந்துவிடும். எல்இடிக்கு மின்னிழப்பு ஒரு பிரச்சினையே இல்லை என்றால், ஏன் 1.5 சதுர மி.மீ.? இயந்திர வலிமைக்காக. அதைவிட மெல்லிய வயர் படகின் அதிர்விலும் இழுப்பிலும் அறுந்துபோகும்.

பல மெல்லிழைகள் சேர்ந்த, ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரே வேண்டும். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறியும். பூச்சில்லாத செம்போ உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப் பொடியாகும். பழைய வயரை வெட்டிப் பார்த்தால், முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே போன பிறகும் செம்பு கருமையாகவே இருப்பதைக் காணலாம். அதை எந்த முறையில் இணைத்தாலும் நிற்காது.

ஃபியூஸ், விளக்கைக் காப்பதற்காக அன்று, வயரைக் காப்பதற்காக. மின்சாரம் புறப்படும் இடத்துக்கு அருகிலேயே அது இருக்க வேண்டும். மேலே சொன்ன சுற்றுக்கு 3 ஆம்பியர் போதும். கப்பல் விளக்குகளின் சுற்றிலிருந்து காக்பிட் விளக்குக்கு இணைப்பு எடுப்பது எளிதாகத் தோன்றும், அதைச் செய்யாதீர்கள். காக்பிட்டில் ஒரு விளக்குக்குள் நீர் புகுந்து ஃபியூஸ் போனால், பக்க விளக்குகளும் சேர்ந்து அணையும். உலோக உடல் கொண்ட படகில், குறிப்பாக அலுமினியத்தில், எதிர்முனை வயரையும் தனியாக இழுத்து, படகின் உடலை எந்த இடத்திலும் மின்பாதையாகப் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவிட்ச்சுகள் உள்ளறைப் படிவாசலின் பக்கவாட்டில், மேலிருந்தும் கீழிருந்தும் கையெட்டும் இடத்தில் இருப்பது நல்லது. சிவப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே வடிவச் சுவிட்ச் போடாதீர்கள். என் படகில் சிவப்புக்கு நெம்புகோல் வகையும், வெள்ளைக்கு ரப்பர் மூடியிட்ட அழுத்துபொத்தானும் வைத்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் வரும் விரலும் இவற்றை வேறுபடுத்திவிடுகிறது.

பொருத்துதல்

முதலில் பேட்டரியின் முதன்மைச் சுவிட்ச்சை அணைத்து, கரை மின்சாரம் இணைந்திருந்தால் அதையும் துண்டியுங்கள். துளையிடப்போகும் இடத்தின் மறுபுறத்தைப் பெட்டகத்துக்குள் தலைவிட்டு, கையாலும் தடவிப் பாருங்கள். காக்பிட் சுவருக்குப் பின்னால் எரிபொருள் குழாய், சுக்கான் கம்பி, இயந்திரக் கட்டுப்பாட்டுக் கம்பி ஆகியவை போகின்றன. துரப்பண முனையில் தேவையான ஆழத்துக்கு டேப் சுற்றிக்கொண்டால் அது அளவுக்கு மேல் உள்ளே பாயாது.

ஜெல்கோட்டின் மேல் காகித டேப் ஒட்டி, அதன்மேல் குறியிட்டு, முதலில் 3 மி.மீ. வழிகாட்டித் துளை போடுங்கள். பெரிய முனையைத் தொடங்கும்போது இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுற்றவிட்டு, ஜெல்கோட்டைத் தேய்த்துக் கடந்த பிறகு முன்னோக்கிச் சுற்றினால் விளிம்பு சிலும்பாது. இந்த நேரத்தில் துளையிலிருந்து என்ன வருகிறது என்று பாருங்கள். வெண்தூள் மட்டும் வந்தால் அது முழுக் கண்ணாடியிழை, கவலை இல்லை. இளமஞ்சள் மரச்சுருள் வந்தால் நடுவில் பால்சா போன்ற மென்மரம் இருக்கிறது. பழுப்பு நிறத்தில் ஈரமான கூழ் வந்தால், நீங்கள் துளையிடும் முன்பே அங்கே நீர் புகுந்துவிட்டது. விளக்கை மறந்துவிட்டு அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

நடுமரம் உள்ள இடத்தில் துளையைச் சும்மா விட்டால், விளக்கின் விளிம்பில் கசியும் நீர் மரத்தில் ஊறித் தளத்தையே அழுக வைக்கும். தேவையைவிடப் பெரிய துளை போட்டு, வளைத்த ஆணியால் உள்ளே மரத்தை எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. அளவுக்குச் சுரண்டி எடுத்து, கெட்டியாக்கிய எபாக்ஸிப் பிசினை நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவுத் துளையைப் போட வேண்டும். இதற்கு இரண்டு நாள் பிடிக்கும். அவசரப்பட்டு இதைத் தவிர்ப்பவர்கள் சில ஆண்டுகள் கழித்துத் தளத்தை வெட்டி எடுக்கும் வேலைக்கு ஆளாகிறார்கள்.

வயரை இழுக்கும்போது ஒவ்வொரு விளக்கிடமும் ஒரு சாண் உபரி விடுங்கள்; பின்னாளில் விளக்கை வெளியே இழுத்துக் கழற்ற அது உதவும். தடுப்புச்சுவர்களைக் கடக்கும் துளைகளில் ரப்பர் வளையம் போட வேண்டும், அரை மீட்டருக்கு ஒருமுறை வயரைக் கட்ட வேண்டும், இணைப்புக்குள் நுழையும் முன் வயர் ஒருமுறை தாழ்ந்து ஏறும்படி வளைவு விட வேண்டும். வயர் வழியே வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். திசைகாட்டிக்கு அருகே போகும் பகுதியில் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்குங்கள். நேர்மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் அப்போது தன்னைத்தானே சமன்செய்துகொள்கிறது. வானொலி இரைச்சலைக் குறைக்கவும் இந்த முறுக்கு உதவும்.

இணைப்புகளை, வயர்முனையை நசுக்கிப் பிடிக்க வைக்கும் நல்ல கிரிம்ப் கருவியால், வெப்பத்தில் சுருங்கும், உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் உறையோடு கூடிய இணைப்பிகளைக் கொண்டு செய்யுங்கள். கிரிம்ப் செய்ததை உடனே கையால் பலமாக இழுத்துப் பாருங்கள்; வருவது இப்போதே வரட்டும். பிறகே வெப்பம் காட்ட வேண்டும். உறை சுருங்கி, அதன் விளிம்பில் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கினால் இணைப்பு நீர் புகாதபடி அடைபட்டுவிட்டது என்று பொருள். ஈயப்பற்றை மட்டும் நம்பக் கூடாது. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி, வயரை ஒரு புள்ளியில் விறைக்க வைக்கிறது, அதிர்வில் அங்கேதான் முறியும். இணைப்புகள் அனைத்தும் பெட்டகத்தின் மேற்பகுதியில் இருக்கட்டும். ஒவ்வொரு வயரின் இரு முனைகளிலும் பெயர் ஒட்டுங்கள்.

விளக்கைச் சுவரில் உட்கார வைக்க நான் பயன்படுத்துவது பியூட்டைல் டேப் எனும் ஒட்டும் ரப்பர் நாடா. அது இறுகிப்போவதில்லை, பத்தாண்டு கழித்தும் விளக்கைச் சேதமில்லாமல் எடுக்கலாம். பாலியூரித்தேன் பசை நிரந்தரமானது, விளக்கைப் பெயர்க்கும்போது ஜெல்கோட்டும் கூடவே வரும். பாலிசல்பைடு வகை, ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளைத் தின்றுவிடும். சிலிக்கான் விட்டுச்செல்லும் படலத்தின் மேல் பிறகு எந்த வண்ணமும் ஒட்டாது. டேப்பை விளிம்பைச் சுற்றியும், ஒவ்வொரு திருகின் கழுத்திலும் சிறு கூம்பாகவும் வைத்து, திருகுகளை மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே நாளில் முழுதும் இறுக்காமல், மறுநாள் வந்து மீண்டும் அரைச்சுற்று இறுக்கினால் டேப் நன்றாகப் படியும்.

சரிபார்த்தல்

மூடுபலகைகளைத் திரும்பப் பொருத்தும் முன் சோதனைகளை முடித்துவிட வேண்டும். மல்டிமீட்டரால் மின்பலகையிலும் கடைசி விளக்கிலும் அழுத்தத்தை அளந்து, தாளில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். கணக்கைவிட இழப்பு மிக அதிகமாக இருந்தால் எங்கோ ஒரு கிரிம்ப் சரியில்லை. பிறகு திசைகாட்டியின் அட்டையைப் பார்த்தபடி விளக்குகளைப் போட்டு அணையுங்கள். அட்டை அசையக் கூடாது.

வானொலிச் சோதனைக்கு, எல்லா எல்இடிகளையும் அணைத்து, வி.எச்.எஃப். ரேடியோவைப் பேச்சில்லாத ஒரு சேனலில் வையுங்கள். பின்னணி இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் கேட்கும் வரை திருப்பி, பிறகு இரைச்சல் சரியாக நிற்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். இப்போது விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த விளக்கைப் போட்டதும் இரைச்சல் மீண்டும் கிளம்புகிறதோ அதுவே குற்றவாளி. அதன் வயரை, விளக்குக்கு மிக அருகில், வானொலி இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றிப் பார்க்கலாம். அதிலும் அடங்காவிட்டால் அந்த விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏ.ஐ.எஸ். திரையில் தெரியும் கப்பல்களின் எண்ணிக்கை விளக்கு எரியும்போது குறைகிறதா என்றும் கவனியுங்கள்.

கடைசிச் சோதனைக்கு இருட்டும் ஒரு சிறு துடுப்புப் படகும் வேண்டும். கப்பல் விளக்குகளையும் சிவப்புக் காக்பிட் விளக்குகளையும் எரியவிட்டு, நூறு மீட்டர் தள்ளிப் போய் படகை ஒருமுறை சுற்றி வாருங்கள். பக்க விளக்கும் பின்விளக்கும் அதனதன் நிறத்தில் தனித்துத் தெரிய வேண்டும். காக்பிட்டிலிருந்து எந்த ஒளிப்புள்ளியும் வெளியே தெரியக் கூடாது. ஏதேனும் ஒரு கோணத்தில் சிவப்புப் புள்ளி எட்டிப்பார்த்தால், அந்த விளக்கின் மேற்புறத்தில் ஒரு சிறு மறைப்புத் தகடு ஒட்டி, மறுபடியும் ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டு, அதன் பிறகே மூடுபலகைகளைத் திருகுங்கள்.